நாளைக்கு என்ன மிச்சம்?

ஆண்டின் கடைசி மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பள்ளித் திடல் குளமாகிவிடும். ஓய்வு நேரத்தில் ஓடியாட இடமில்லாமல் பிள்ளைகள் வகுப்பறைக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள். அடைந்து கிடக்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாற்காலி உடையும், மூக்கும் உடையும்.

அப்படி ஒரு மழை நாளில்தான் என் கைப்பையிலிருந்து இரண்டு பென்சில் துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இதுதான் கிரிக்கெட். யாருக்கு வேண்டும்?" என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

அந்தத் துண்டுகள் என் அப்பாவுடையவை. அவர் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தவர். இளவயதில், துரைமார்கள் கிளப் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும்போது ஓட்டக் கணக்கு எழுத அவரைத்தான் கூப்பிடுவார்களாம். மட்டையைத் தொட ஒரு நாளும் வாய்க்கவில்லை. ஆனால் பேரேட்டில் கணக்கு எழுதுகிற கை, ஓட்டக் கணக்கையும் அப்படியே முத்து முத்தாக எழுதும். தொட முடியாத மட்டைக்குப் பதிலாகத்தான் அப்பா பென்சிலை எடுத்துக்கொண்டார் போலும். வீட்டில் நான் ஒரே பிள்ளை. பெண் பிள்ளைக்கு இந்த ஆட்டமெல்லாம் எதற்கு என்று அவர் நினைக்கவே இல்லை.

ஆட்டம் இதுதான். ஆறு பக்கமுள்ள பென்சிலில் ஓர் அங்குல நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளவேண்டும். உருண்டைப் பென்சில் உதவாது. பிளேடால் சாயத்தைச் சுரண்டிவிட்டு, முதல் துண்டின் ஆறு பக்கங்களில் 1, 2, 3, 4, 6 என்றும், மிஞ்சிய பக்கத்தில் 'அப்பீல்' என்றும் எழுதவேண்டும். இரண்டாவது துண்டில் போல்டு, கேட்ச், ஸ்டம்பிங், எல்.பி.டபிள்யூ., நாட் அவுட், நோ பால் என்று ஆறு பக்கமும் எழுதவேண்டும். முதல் துண்டை உருட்டினால் ஒரு பந்து. எண் விழுந்தால் அத்தனை ஓட்டம். அப்பீல் விழுந்தால் இரண்டாவது துண்டை உருட்டவேண்டும். அதில் நான்கு பக்கம் அவுட்; இரண்டு பக்கம் பிழைப்பு. நோ பால் விழுந்தால் ஓர் ஓட்டமும் சேரும். பத்து விக்கெட் விழுந்தால் எதிர்ப்பக்கம் ஆடவேண்டும்.

இதே ஆட்டம் இங்கிலாந்தில் உலோக உருளைகளாகச் சின்னத் தகரப் பெட்டியில் விற்பனைக்கு வந்தது. நமக்குப் பென்சிலே போதும்.

நாங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில் மின்சாரம் தோட்டத்து இயந்திரத்திலிருந்துதான் வரும். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அப்பா ஆபீஸ் வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு உட்காரும்போது ஒன்பதைத் தாண்டிவிடும். பேசிச் சிரித்து, ஒவ்வொரு பந்தையும் நோட்டில் எழுதி ஆடினால் ஓர் இன்னிங்ஸ் முடிவதற்குள் விளக்கு அணைந்துவிடும். பல இரவுகள் இப்படிப் பாதியில் நின்றன. எனக்கு அழுகையாக வரும்.

ஒரு நாள் நானே வழி சொன்னேன். "அப்பா, ஆளுக்கு அஞ்சு ஓவர் மட்டும் ஆடலாம். விளக்கு அணையறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அப்பா மறுக்கவில்லை. ஆடினோம், முடிந்தது. மறுநாளும் ஆடினோம், முடிந்தது. மூன்றாம் நாள் எனக்கே சலித்துப் போயிற்று. காரணம் தெரியவில்லை. அப்பாதான் சொன்னார்.

"பத்துப் பேரை வச்சிக்கிட்டு அஞ்சு ஓவர் ஆடறோம் பாப்பா. ஒருத்தன் அவுட்டானா யாரு கவலைப்படறது? பின்னால ஒன்பது பேரு நிக்கிறான். பயமில்லாத ஆட்டம் ஆட்டமா?"

பிறகு தம் பழைய நோட்டுகளை எடுத்துக் காட்டினார். பென்சில் உருட்டிய கணக்கையெல்லாம் வரி வரியாக எழுதி, கூட்டிக் கழித்து வைத்திருந்தார். நான் பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நிகழ்தகவு படித்தபோது அதே கணக்கை வேறு வழியில் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் பேரேடு சரியாகவே இருந்தது.

கணக்கு எளிது. ஆறு பந்துக்குச் சராசரியாக ஓர் அப்பீல். ஆறு அப்பீலில் நான்கு அவுட். ஆக, 36 பந்துக்கு 4 விக்கெட். அதாவது ஒன்பது பந்துக்கு ஒரு விக்கெட். ஓட்டங்களைக் கூட்டினால் 1, 2, 3, 4, 6 சேர்ந்து 16. ஆறு பந்துக்கு 16 என்றால் ஒன்பது பந்துக்கு 24. நோ பாலில் வரும் சில்லறையை விட்டுவிடலாம். எனவே பத்து விக்கெட்டும் விழ ஏறக்குறைய 90 பந்து ஆகும்; 240 ஓட்டம் வரும். ஐந்து ஓவர் என்பது வெறும் 30 பந்து. அதற்குள் மூன்று விக்கெட்தான் விழும். மீதி ஏழு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

அன்று அப்பா ஒரு விதி எழுதினார்: 'ஓர் ஆளுக்குப் பத்துப் பந்து.' ஐந்து ஓவர் ஆடினால் மூன்று விக்கெட். பத்து ஓவர் ஆடினால் ஆறு விக்கெட். பந்தோ விக்கெட்டோ, எது முதலில் தீருகிறதோ அத்துடன் இன்னிங்ஸ் முடிந்தது. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அன்றிரவு இரண்டாவது விக்கெட் விழுந்தபோது என் கை நடுங்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கடைசி ஆளை வைத்துக்கொண்டு இன்னும் பத்துப் பந்தைக் கடத்தவேண்டும். விளக்கு அணைய ஐந்து நிமிடம்! அம்மா வரக்கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பென்சில உருட்டறதுக்கு இப்படி ஒரு பஞ்சாயத்தா?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

1997 ஏப்ரலில் ஐ.சி.சி. கோப்பையின் இறுதியாட்டம் கோலாலம்பூர் கிலாட் கிளப் மைதானத்தில் நடந்தது. கென்யாவும் வங்காளதேசமும் மோதின. நான் அப்போது இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கென்யா 50 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 241 எடுத்தது. பிறகு நம் நாட்டு மழை தன் வேலையைக் காட்டியது. மறுநாள் வங்காளதேசத்துக்கு 25 ஓவர்தான் கிடைத்தது. அப்பா பத்திரிகையை மடித்து என் முன்னால் போட்டார்.

"242 எடுத்தா ஜெயிக்கலாம்னு இருந்துச்சு. ஓவர் பாதியாப் போச்சு. அப்போ எத்தனை எடுக்கணும்?"

"121."

"166ன்னு போட்டிருக்கான் பார்."

எனக்கு அது அநியாயமாகத் தோன்றியது. அப்பா சிரித்தார். ஓவரைத்தான் பாதியாக்கினார்களே தவிர ஆட்களைப் பாதியாக்கவில்லை. பத்து விக்கெட்டும் கையில் இருக்க 25 ஓவர் ஆடுகிறவன் பயமில்லாமல் விளாசுவான். அதனால் இலக்கை உயர்த்தியே வைக்கவேண்டும். டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் ஓவரையும் விக்கெட்டையும் சேர்த்தே எண்ணி இந்த முறையை வகுத்தார்கள். அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் அது ஒரு நாள் ஆட்டத்தில் முதன்முதலாகக் கையாளப்பட்டது. வங்காளதேசம் எட்டு விக்கெட்டை இழந்து, கடைசிப் பந்தில் அந்த 166-ஐ எட்டிப் பிடித்தது. இலக்கு நியாயமானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

"நாம விளக்கு அணையறதுக்காகப் போட்ட கணக்கை வெள்ளைக்காரன் மழைக்காகப் போட்டிருக்கான்," என்று அப்பா மார் தட்டிக்கொண்டார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த வாரம் முழுக்க ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

காலம் ஓடிற்று. நான் சான்றிதழ் பெற்று ஆசிரியையானேன், திருமணமானேன், இரண்டு பிள்ளைகள் பெற்றேன். அப்பா ஓய்வு பெற்று, தோட்டத்து வீட்டை விட்டுப் பட்டணத்துத் தாமானில் குடியேறினார். 2016-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. வலது கை பிழைத்தது. பென்சில் உருட்ட அது போதும்.

தினமும் பள்ளி முடிந்து, பிரத்தியேக வகுப்பு முடிந்து, அப்பாவைப் பார்க்கப் போவேன். போனதும் மேசையை இழுத்துப் போட்டு ஐந்து ஓவர், மூன்று விக்கெட் ஆட்டம் ஆடுவோம். முறைப்படி சுருக்கிய ஆட்டம்தான். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் நான் கைப்பையை எடுத்துக்கொள்வேன். வீட்டில் சமைக்கவேண்டும், பிள்ளைகளுக்குப் பாடம் பார்க்கவேண்டும், மறுநாள் பாடத்திட்டம் எழுதவேண்டும். உண்மையைச் சொல்வதென்றால், 'அப்பாவோடு ஆடியாயிற்று' என்று மனத்துக்குள் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் புறப்படுவேன்.

ஒரு மாலை, ஆட்டம் முடிந்து நான் எழுந்தபோது அப்பா மெதுவாகக் கேட்டார். பேச்சு அப்போது குழறும். "பாப்பா... நாளைக்கு என்ன மிச்சம்?"

எனக்கு முதலில் புரியவில்லை. மாத்திரையைக் கேட்கிறாரோ என்று டப்பாவைப் பார்த்தேன். அவர் நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஆட்டம். ஒவ்வோர் ஆட்டமும் அன்றே தொடங்கி அன்றே முடிந்திருந்தது. மறுநாளைக்கு ஒன்றும் மிச்சமில்லை.

நான் காரில் உட்கார்ந்து அழுதேன். நேரமில்லாத எனக்காகத்தான் ஆட்டத்தைச் சுருக்கியிருந்தேன். நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத மனிதரோடு அந்தச் சுருக்கிய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தேன். விடிந்தால் மறுபடி பொழுது போகவேண்டுமே என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவருக்கு, விடிவதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா?

மறுநாள் ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கினோம். ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸுக்கு 90 பந்து என்றால் நான்கு இன்னிங்ஸுக்கு 360 பந்து. ஒரு நாளைக்கு 12 ஓவர், அதாவது 72 பந்து என்று வைத்தால் ஐந்து நாளைக்கும் அதே 360. கணக்குச் சரியாக விளிம்பில் நிற்கிறது. ஆட்டம் முடிந்தாலும் முடியும், முடியாமல் டிராவில் போனாலும் போகும். அந்தச் சந்தேகம்தான் ருசி.

நீளமான ஆட்டத்துக்கு வெறும் உருட்டல் போதவில்லை. ஆடுகிறவருக்கும் ஒரு மூளை வேண்டும் என்று இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொண்டோம். உருட்டும் முன் 'அடி' என்று சொன்னால் ஓட்டம் இரட்டிப்பு. ஆனால் அப்பீல் விழுந்தால் இரண்டாவது பென்சிலுக்குப் போகாமல் அப்போதே அவுட். 'தடு' என்று சொன்னால் ஓட்டமே கிடையாது. ஆனால் போல்டு, எல்.பி.டபிள்யூ. இரண்டும்தான் அவுட், மற்றதெல்லாம் பிழைப்பு. 'அடி' என்றால் ஆறு பந்துக்கு ஒரு விக்கெட் போகும். 'தடு' என்றால் பதினெட்டுப் பந்துக்கு ஒன்றுதான் போகும். ஐந்தாம் நாள் மாலை, கடைசி இரண்டு விக்கெட்டை வைத்துக்கொண்டு, "தடு... தடு... தடு..." என்று குழறிக் குழறியே அப்பா நான்கு ஓவரைக் கடத்தி, என் கையிலிருந்த வெற்றியைப் பிடுங்கியிருக்கிறார். அன்று அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

ஒரு நாள் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் வீட்டில் சமையல் தாமதமானது. ஒருவரும் செத்துவிடவில்லை. நான் போகும்போது அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இன்னிக்கு முதல் ஓவர் அடிதான்," என்பார். விடிவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அந்த நாட்களில்தான் 1939-ஆம் ஆண்டுக் கதையையும் சொன்னார். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் இங்கிலாந்து ஆடிய டெஸ்ட் ஆட்டம். முடிவு தெரியும் வரை ஆடுவது என்று கால வரையறையே இல்லாமல் வைத்துக்கொண்டார்கள். மார்ச் 3-ஆம் தேதி தொடங்கிய ஆட்டம் 14-ஆம் தேதி வரை போயிற்று. இங்கிலாந்துக்கு இலக்கு 696. ஐந்து விக்கெட் இழப்புக்கு 654 எடுத்துவிட்டார்கள். இன்னும் 42 ஓட்டம்தான் வேண்டும், ஐந்து விக்கெட் கையில் இருக்கிறது. ஆனால் கேப்டவுனில் ஊருக்குப் போகும் கப்பல் காத்திருந்தது. அதைப் பிடிக்கவேண்டுமென்று ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். டிரா! "எல்லையே இல்லாத ஆட்டத்துக்கும் ஒரு கப்பல் வந்துடுது பாப்பா," என்றார் அப்பா.

அவருக்குக் கப்பல் 2017-இல் வந்தது. ஆட்டத்தின் நான்காம் நாள் முடிந்திருந்தது. அவர் ஜெயிக்க இன்னும் 61 ஓட்டம். கையில் நான்கு விக்கெட். கணக்குப்படி பார்த்தால் நான்கைந்து ஓவரில் முடித்திருப்பார்.

மழை நாள் வகுப்பறைக்குத் திரும்புகிறேன். எங்கள் பள்ளியில் மொத்தமே முப்பது பிள்ளைகள் இல்லை. தோட்டத்து வேலைக்கு வெளிநாட்டார் வந்துவிட்டார்கள். நம்மவர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு பிள்ளை வராவிட்டாலும் வகுப்பு காலியாகத் தெரியும். ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன் பாட்டியோடு இருக்கிறான். அம்மா தொலைவில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார். அவன் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். கேட்டால், "எழுந்திரிக்கல டீச்சர்," என்பான். பாட்டியிடம் பேசிப் பார்த்தேன். அவனைக் கண்டித்தும் பார்த்தேன். பலனில்லை.

ஓய்வு நேரம் இருபது நிமிடம். சாப்பிட்டது போகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மிஞ்சும். பிள்ளைகள் கை வேகம். ஒரு நிமிடத்தில் ஓர் ஓவர் உருட்டிவிடுவார்கள். எனவே முதலில் ஐந்து ஓவர், மூன்று விக்கெட் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகவே ஆடினார்கள். நாற்காலிகள் பிழைத்தன. ஆறாம் வாய்ப்பாடு சொல்லத் திணறிய சிறுமி, இன்னும் எத்தனை பந்து, எத்தனை ஓட்டம் என்று விரல் விடாமல் கழித்துச் சொன்னாள். ஆனால் அந்தப் பையன் மட்டும் வந்த நாளில் ஆடினான், வராத நாளில் வரவில்லை.

அப்போதுதான் அப்பாவின் கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது. சுருக்கிய ஆட்டத்தில் அவனுக்கு நாளைக்கு என்ன மிச்சம்?

அடுத்த திங்கட்கிழமை ஐந்து நாள் ஆட்டத்தைத் தொடங்கினேன். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 12 ஓவர். அவனை ஒரு பக்கத்துக்குத் தலைவனாக்கினேன். செவ்வாய் வந்தான். புதன் வந்தான். வியாழக்கிழமை கண் சிவந்து, உடம்பு கொதிக்க வந்து நின்றான். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாட்டியை வரவழைத்து வீட்டுக்கு அனுப்பினேன். போகிறவன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"டீச்சர், நான் இல்லாதப்ப என் ஆளுங்கள அவுட்டாக்கிட மாட்டீங்களே?"

"மாட்டோம். மழைன்னு எழுதி நோட்டை மூடி வச்சிடறோம். நீ வந்து ஆடு," என்றேன்.

எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் முணுமுணுக்கவில்லை. அதுவே இப்போது எங்கள் வகுப்பு விதியாகிவிட்டது. காய்ச்சலில் கிடக்கிற ஆளின் ஆட்டம் அவன் வரும் வரை காத்திருக்கும். அந்தப் பையன் திங்களன்று வந்தான். அதற்குப் பிறகும் சில நாள் வராமல் இருந்திருக்கிறான். பென்சில் துண்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் என்பது மாதத்துக்கு இரண்டு நாள் என்று குறைந்திருக்கிறது. வருகைப் பதிவேட்டில் அது என் கையால் எழுதியது.

வீட்டில் ஆடிப் பார்க்க விரும்பும் பெற்றோருக்கு இரண்டே வார்த்தை சொல்வேன். நேரம் குறைவாக இருந்தால் பந்தோடு சேர்த்து ஆட்களையும் குறையுங்கள், பயம் குறையக்கூடாது. நேரம் மிகுதியாக இருந்தால் ஒரே மூச்சில் ஆடி முடித்துவிடாதீர்கள். நாளைக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள், எந்த ஆட்டம் வேண்டுமென்று.

அப்பாவின் நோட்டைப் பிள்ளைகளிடம் காட்டியிருக்கிறேன். "61 ஓட்டந்தானே டீச்சர், நாங்க ஆடி முடிச்சிடறோம்," என்றார்கள். வேண்டாம் என்றேன். அந்தப் பக்கத்தின் அடியில் 'டிரா' என்று எழுதி, பக்கத்தில் 'கப்பலுக்கு நேரமாயிற்று' என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

பென்சில் துண்டுகள் மட்டும் வகுப்பில் இருக்கின்றன. எழுத்து தேய்ந்துவிட்டது, மறுபடி மை தொட்டு எழுதவேண்டும். நாளைக்கு ஐந்தாம் நாள் ஆட்டம் மிச்சமிருக்கிறது.